மெட்ராஸ் கடிதமும் அம்மை சொல்லாத பெயரும்

தக்கலையில் என் வெற்றிலை முறுக்கான் கடைக்கு இடது கைப்பக்கம் அஞ்சலாபீஸ். ரோட்டைத் தாண்டினால் எதிரே தபாலாபீஸ். ரெண்டும் ஒன்றுதானே என்று இன்றைக்கு உள்ளவர்கள் கேட்பார்கள். அன்றைக்கு ஒன்றல்ல. அஞ்சல் திருவிதாங்கூர் சர்க்காருடையது, தபால் இந்தியாவுடையது. சுதந்திரம் வந்து ரெண்டு மூன்று வருடம் ஆன பிறகும் ரெண்டு ஆபீசும் ஒன்றை ஒன்று பார்க்காத சம்பந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியாகவே இருந்தன. திருவனந்தபுரத்துக் கடிதம் என்றால் காலை பஸ்ஸில் அஞ்சல் பையில் வரும். மெட்ராஸ் கடிதம் திருநெல்வேலி வழியாகத் தபால் பையில் வரும், மத்தியானம் கழிந்து. நடுவில் நான் வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். பாக்குப் பொதிந்து கொடுக்க வாங்கும் பழைய பேப்பரைப் பொதியும் முன்னால் வாசித்து வாசித்துத்தான் எனக்கு எழுத்து நிலைத்தது. மற்றதெல்லாம் கடைக்கு வந்து வெற்றிலை போட்டவர்கள் வாய்வழியாகக் கிடைத்த படிப்பு. வாய் சிவந்துவிட்டால் மனிதன், உண்மையோ பொய்யோ, நன்றாகப் பேசுவான். அந்தப் பேச்சுகளைத்தான் நான் இந்த வயது வரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வருடம் ஆனி மாதம் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் பாதி நினைவில்லை. என் காது முழுக்க ரெண்டு ஆபீஸ் வாசலிலும் கிடந்தது. என் தங்கை சரித்திரத்தில் பி.ஏ. ஜெயித்துவிட்டு எம்.ஏ.க்கு மனுப் போட்டிருந்தாள். திருவனந்தபுரத்துக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று.

அவள் பி.ஏ. ரெண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா தவறிப்போனார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மையும் அவளும் நானும்தான். அவளுக்குச் சரித்திரப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் ராஜாக்கள் இருந்த பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், மற்றப் பிள்ளைகள் தரையின் வழவழப்பில் வழுக்கி விளையாடும்போது, இவள் மட்டும் “இந்தக் கட்டில்ல ஆரு கிடந்தாவ? அவியளுக்குப் பொறவு ஆரு கிடந்தாவ?” என்று காவல்காரரின் பின்னாலேயே நடப்பாள். அவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், “ஆரும் கிடக்கல்ல பிள்ளே, மூட்டைப்பூச்சிதான் கிடந்துச்சு” என்று சொல்லிவிட்டார்.

கடையில் விஷயம் தெரிந்தபோது வண்டிக்காரர் ஒருத்தர் கேட்டார்: “சரித்திரமா? செத்துப்போன ராசாக்கமாருக்க கதையப் படிச்சி உனக்க தங்கச்சி இனி ஆருக்கு வே வரி கெட்டப் போறா?”

பக்கத்தில் நின்ற தேங்காய் வியாபாரி சுண்ணாம்பை விரலில் எடுத்தபடி, “நம்ம ராசாவே இப்பம் ராசா இல்ல. படிக்கியதுக்கு இன்னும் கொஞ்சம் சேந்திருக்கும்லா” என்றார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அஞ்சல் பை இறங்குகிறதா என்று பார்த்தேன்.

திருவனந்தபுரத்துப் பதில்தான் முதலில் வந்தது. இல்லை என்று நாலு வரி. மனுப் போட்டவர்கள் அதிகம், இடம் குறைவு. தங்கை அதை வாசித்துவிட்டு மடித்து, சீப்பு வைக்கும் மாடத்தில் செருகிவிட்டு, கிணற்றடிக்குப் போய் இருக்கிற தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் இறைத்து நிரப்பினாள். இறைத்து முடிந்ததும் நிறைந்த அண்டாவைச் சாய்த்துக் கழுவி, மறுபடியும் நிரப்பினாள். அம்மை என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

இனி மெட்ராஸ்தான். அங்கே கிடைக்கும் என்று நம்ப எங்களுக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் எங்களைப் பாண்டிக்காரர்கள் என்பார்கள். மெட்ராஸுக்குப் போனால் மலையாளத்துக்காரர்கள் என்பார்கள். மனுவில் எந்த ராஜ்யம் என்று கேட்ட இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் யோசித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “உள்ளதை எழுதேன் மக்கா” என்றேன். “உள்ளது எதுன்னு நீ சொல்லு, எழுதுகேன்” என்றாள்.

இதற்குள் இன்னொரு நெருக்கடி. மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை தயாராக இருந்தது. தலைமை ஆசிரியை நல்லவர். என் தங்கை படித்த பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்தவர். “ஆடி பிறக்கும் முன்னால வந்து சேர்ந்திரணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டிருவேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலையில் சேர்ந்தால் பிறகு மெட்ராஸ் இல்லை. ஏறினவள் இறங்கமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும். சேராமல் இருந்து, மெட்ராஸும் இல்லையென்று வந்துவிட்டால் ரெண்டும் போச்சு. அந்த வருடம் எங்கள் வீட்டில் சோறு இறங்காமல் போனது இந்த ஒரு கணக்கால்தான்.

தங்கைக்கு சைக்கிள் மணி ஆகாமல் போயிற்று. எந்த சைக்கிள் போனாலும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசல் நடைக்கு வந்துவிடுவாள். மீன்காரர் சைக்கிளுக்குக்கூட வந்தாள். அவர், “எந்நாளும் நீ ஓடி வாறத பாத்தா நெத்திலி மேல உனக்கு இவ்வளவு ஆசையான்னு தோணுது பிள்ளே” என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அந்த மாதம் நெத்திலிக்குக் குறைவில்லை. தின்னத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் தபால் கொண்டுவருகிறவர் நெடுநாளாக ஒரே ஆள். கடையைத் தாண்டும்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டி, இல்லை என்று சொல்லிவிடுவார். அந்தத் தலையாட்டலில் ஒரு மரியாதை உண்டு. நம்மைக் கேட்க வைக்காமல் சொல்லுகிற மரியாதை. அவர் மகளுக்குப் பேறுகாலம் என்று லீவு போட்டுப் போனார். அவருக்குப் பதிலாகக் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு இளவட்டம் வந்தது. நல்ல கலகலப்பு. வந்த அன்றே என் கடையில் கணக்கு வைத்துக்கொண்டான். மெட்ராஸிலிருந்து என் தங்கைக்கு ஒரு கடிதம் வரவேண்டும் என்று அவனிடமும் சொல்லி வைத்தேன். தங்கை பேர் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முறுக்கான் கடைக்காரன் தங்கை என்றால் போதும் என்று நினைத்தோம், எங்கள் வீடு எது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, சுற்றி நின்றவர்களிடம் சொன்னான்: “அண்ணாச்சி, ஒரு கூத்து கேளுங்க. இந்த வேலையில எவ்வளவோ பாத்திருக்கேன். மெட்ராஸ்ல இருந்து செத்துப்போன கிழவிக்கு ஒரு கடுதாசி! ஸ்ரீமதி இன்ன அம்மாள்னு இங்கிலீஷ்ல அடிச்சி, சீலு வச்சி. வீட்டுல போயி பேரைச் சொல்லிக் கேட்டா, அந்த அம்மா வெலவெலத்துப் போயிட்டு. அவிய செத்து வருஷம் எத்தனையோ ஆச்சேங்குது. நான் கவர்ல எழுதித் திருப்பி விட்டுட்டேன்.”

வண்டிக்காரர், “எமலோகத்து அட்ரஸ் தெரிஞ்சா அங்க திருப்பி விட்டிருக்கலாம்லா” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். சிரித்து, வாயில் இருந்ததைத் துப்பத் திரும்பினவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்ரீமதி இன்ன அம்மாள் என்று அவன் சொன்ன பெயர் என் தங்கையின் பெயர்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கம் பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது வழக்கம். வைத்துவிடுவார்கள், ஆனால் பெற்றவளால் கூப்பிட முடியாது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் என் தங்கை தொட்டில் நாளிலிருந்து வீட்டுக்குக் குட்டி. தெருவுக்குக் குட்டி. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அம்மை நட்சத்திரத்தைச் சொல்வாளே தவிர, பெயரை நான்தான் சொல்லவேண்டும். அந்தப் பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலும் சர்ட்டிபிக்கேட்டிலும் மட்டும் குடியிருந்தது. அம்மையின் காதில் விழுந்தால் அது மகளின் பெயராக விழாது, மாமியாரின் பெயராகத்தான் விழும். அந்த மாமியார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் அம்மையின் கையிலிருந்த அகப்பை தானாக நின்றுவிடும், அப்படிப்பட்டவர். போதாததற்கு மெட்ராஸில் யாரோ ஒரு குமாஸ்தா மரியாதைக்கு அம்மாள் என்று ஒட்டியிருக்கிறார். இருபது வயசுப் பெண்ணை இங்கே யார் அம்மாள் என்பார்கள்?

கடையைப் பலகை போட்டு அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மை புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். கை நின்றது.

“ஆமா, ஒருத்தன் வந்தான். முந்தாநேத்து, குட்டி குளிக்கப் போயிருந்த நேரம். அவிய பேரைச் சொல்லி, இருக்காவளான்னு கேட்டான். நான் செத்துட்டாவன்னேன். அதுக்கென்ன?”

“அம்மா, அது குட்டிக்கு வந்த கடுதாசி.”

அம்மைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு புளித்தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து தங்கை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அவள் அம்மையின் முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: “கவர் கனமா இருந்துதாம்மா? மெலிசா இருந்துதா?”

கனமாக இருந்தால் கூடவே நிரப்பி அனுப்பக் காகிதங்கள் இருக்கும், இடம் உண்டு என்று அர்த்தம். மெலிசு என்றால் திருவனந்தபுரத்துக் கதைதான்.

“நான் தொடவேயில்ல மக்கா. அந்தப் பேரைக் கேட்டதும் கையைப் பின்னால கெட்டிட்டுல்லா நின்னேன்” என்றாள் அம்மை.

நாங்கள் கைவிட்டது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கெட்ட சேதியாக இருந்திருந்தால் போனது நல்லதுதான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதை நானே நம்பவில்லை.

மறுநாள் தபாலாபீஸ் திறக்கும் முன்னால் மூன்று பேரும் வாசலில் நின்றோம். போஸ்ட்மாஸ்டர் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். சட்டப்படி நடக்கிறவர். எனக்கு வாடிக்கைதான், ஆனால் ஆபீசுக்குள் அவர் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“லெட்டர் நேத்தே மெட்ராஸ் பையில போயிட்டு. ஆள் இறந்தாச்சுன்னு எழுதின லெட்டர், அனுப்பின ஆளுக்குத்தான் திரும்பும்” என்றார். “ஒண்ணு செய்யலாம். அந்த ஊர் ஆபீசுக்குத் தந்தி அடிச்சு, வழியில இருந்தா நிறுத்தச் சொல்லலாம். ஆனா இறந்தாச்சுன்னு சொன்னவங்க வந்து, இல்ல, இந்தப் பேருள்ள ஆள் இருக்காங்கன்னு வாய்மொழி கொடுக்கணும். சொன்னது யாரு?”

அம்மை முன்னால் வந்தாள்.

“சொல்லுங்கம்மா. யாரு உயிரோட இருக்கா?”

“அந்தா நிக்காளே, அவதான்” என்று வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கையைக் காட்டினாள்.

“அவ பேரு?”

“குட்டி.”

“கவர்ல குட்டின்னு இல்லியேம்மா.”

“இவனுக்க அப்பனுக்க அம்மைக்க பேருதான் அவளுக்கும்.”

“அவங்க இறந்தாச்சுன்னுதானே ஏற்கெனவே எழுதியிருக்கு?”

“அவிய செத்தாச்சு. இவ சாகல்ல.”

“எவ?”

“குட்டி.”

பின்னால் கார்டு வாங்க நின்றவர்களில் ஒருத்தர் சிரித்தார். நான் இடையில் புகுந்து, “சார், நான் பேரைச் சொல்லுகேன், எழுதுங்க” என்றேன். “செத்தாச்சுன்னு சொன்னது நீரில்லையே வே” என்றார் போஸ்ட்மாஸ்டர். பிறகு குரலைத் தணித்து, அம்மையைப் பார்த்துச் சொன்னார்: “எங்க வீட்டுலயும் இந்த வழக்கமெல்லாம் உண்டும்மா. நான் கேக்கிறது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்லா.”

அம்மை சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வெளியே போய்விட்டார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, ஆட்கள் இல்லாத பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்று, கையைக் கூப்பினாள். கும்பிட்டது சாமியை அல்ல என்று எனக்குத் தெரியும். அப்படிக் கும்பிட்டபடியே, ஒரே மூச்சில், அந்தப் பெயரைச் சொன்னாள். சொல்லி, “எனக்க மவ. உசிரோட இருக்கா” என்றாள்.

வாசலில் தங்கையின் தலை சட்டென்று திரும்பியது. அந்தப் பெயரை அம்மையின் குரலில் அவளும் நானும் அன்றைக்குத்தான் கேட்டோம். எங்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சங்கடப்பட்டவர் போஸ்ட்மாஸ்டர்தான். தலையைக் குனிந்துகொண்டு எழுதோ எழுது என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மை என் சட்டையைப் பிடித்தாள். “லே மக்கா, அவிய கேட்டிருப்பாவளோ?”

“கேட்டா கேக்கட்டும். அவியளுக்க பேத்திக்கு வேண்டித்தானே?”

“உனக்குத் தெரியாது. அவிய நியாயம் கேக்கமாட்டாவ.”

தந்தி ஆபீஸ் நாகர்கோவிலில்தான், அங்கிருந்து கம்பி போயிற்று. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். முதலில் காத்திருந்தபோது கடிதம் எங்கேயோ எழுதப்படாமல் இருக்கிறது என்றாவது நினைக்கலாம். இப்போது எழுதியாயிற்று. எங்கள் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய் எங்கேயோ ஒரு பைக்குள் கிடக்கிறது. கிடைக்குமா, கல்லூரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதா? செத்தவளுக்கு யார் இடம் வைத்திருப்பார்கள்? கடையில் கவனமில்லாமல் ஒரு ஆளுக்கு மூன்று பங்கு சுண்ணாம்பு வைத்துக் கொடுத்தேன். அவர் வாய் வெந்து, “உனக்க தங்கச்சிக்கு இடம் கிடைக்கல்லேன்னா அதுக்கு நான் என்னடே செய்வேன்?” என்றார்.

அந்த இளவட்டத் தபால்காரன் என் கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டான். நானே ஒருநாள் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தேன். “உன்மேல தப்பில்ல தம்பி” என்றேன். “தப்பில்லாம இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா அந்தக் கடுதாசி கிடைக்கிற வரைக்கும் எனக்கு ஒறக்கமில்ல” என்றான். அந்த வார்த்தைக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் அவனேதான் கொண்டுவந்தான். ரோட்டில் வரும்போதே கவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளை ஓட்டி வந்தான். கவர் முழுக்க முத்திரை. அவன் எழுதியதைச் சிவப்பு மையில் அடித்திருந்தது. மெட்ராஸ் தபாலாபீசிலேயே மடக்கித் திருப்பியிருக்கிறார்கள், கல்லூரிக்குப் போகவில்லை. தொட்டுப் பார்த்தேன். மெலிசு. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த வழி எனக்கு நினைவில்லை.

தங்கை பிரித்தாள். ரெண்டு தடவை வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னட்டி?” என்றாள் அம்மை.

“இடம் நெறஞ்சு போச்சாம். ஆராவது வேண்டாம்னு போனா அடுத்தது எனக்குத்தானாம். அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கு.”

அம்மை அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “இதைச் சொல்லதுக்கா அவனுவ ஒரு கடுதாசி போட்டானுவ? நாம சும்மாவே காத்துட்டுத்தானே இருக்கோம்?”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மையும் சிரித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அது எங்கே போய் அழுகையாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை, மாறிவிட்டது.

ஆடி பிறக்க நாள் இல்லை. நான் மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். தலைமை ஆசிரியையைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கமுடியுமா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பிறகு சொன்னார்: “உங்க தங்கச்சிக்கு மெட்ராஸ் கிடைச்சா என்னைவிடச் சந்தோஷப்படுற ஆள் கிடையாது. ஆனா என் வகுப்புல அறுபது பிள்ளைங்க கத்திட்டு இருக்கு. அதுங்களைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? நாளைக்குப் பதில் வேணும்.”

அவர் சொன்னதில் பிசகில்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான்: வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கையில் இருப்பது இருக்கட்டும். யாரோ முகம் தெரியாத ஒருத்தர் வேண்டாமென்று விலகுவதை நம்பி ஒரு வருடத்தை எப்படி விடுவது? வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன்.

தங்கை, “வேண்டாம்னு சொல்லிரு அண்ணா” என்றாள்.

“கிடைக்கல்லேன்னா?”

“கிடைக்கல்லேன்னா கிடைக்கல்ல. வேலைல சேந்துட்டு அந்தக் கடுதாசி வந்துட்டுன்னு வையி. அதை நான் எந்த மாடத்துல செருகுவேன்?”

நான் அம்மையைப் பார்த்தேன். அம்மைக்கு வேலைதான் இஷ்டம் என்று எனக்குத் தெரியும். மணவாளக்குறிச்சி என்றால் சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மெட்ராஸ் அப்படியா? அம்மை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள்.

“நான் ஒருக்கா அவளைக் கொன்னாச்சு” என்றாள். “இனி அவளுக்கு எது வேணும்னு அவளே சொல்லட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். ஒரு வாரம் ஆவதற்குள் அங்கே வேறொரு டீச்சர் வந்துவிட்டதாகச் சேதி வந்தது. தங்கை அதைக் கேட்டுத் தலையாட்டினாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது என்பதை மறைக்கவேண்டாம். அவள்மேல் கோபமா, மெட்ராஸில் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விலகாமல் இருக்கிற அந்த யாரோமேல் கோபமா, பிரிக்கத் தெரியவில்லை. நல்லா இருக்கிற ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் போகணும் என்று சாமியிடம் கேட்கலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். கல்யாணம் கூடி விலகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதில் பாவம் இல்லை அல்லவா?

ஆடிச்சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பழைய தபால்காரர் பேத்தியைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். மறுபடியும் அந்தத் தலையாட்டல், தினமும். ஒருநாள் அவர் தலையை ஆட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தோளில் கிடந்த பையை ஒருமுறை தட்டிக்கொண்டு நேரே எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பெண்பிள்ளைக்கு வந்த கடிதத்தை அவள் வீட்டில்தான் கொடுக்கவேண்டும், வழியில் அண்ணன்காரனிடம் கொடுக்கக்கூடாது என்பது, அந்த இளவட்டம் முந்தின கவரை என் கையில் கொடுத்தது தெரிந்த பிறகு போஸ்ட்மாஸ்டர் போட்ட உத்தரவாம். எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலையாட்டவில்லை என்பது மட்டும். கடையைப் பூட்டக்கூட நிற்காமல் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவர் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மை நடையில் நின்றாள். கவரை ரெண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள், மழைத்துளி படாமல். கொஞ்சம் தடித்த கவர் போலத்தான் இருந்தது. ஆனால் என் கண்ணை நான் நம்பவில்லை.

“குட்டி எங்கம்மா?”

“குளத்துக்குப் போயிருக்கா.”

“தா, பிரிச்சுப் பாப்போம்.”

“தொடாதே!” என்றாள். அப்படி ஒரு அதட்டலை நான் சின்னப்பிள்ளையில் கேட்டது. “அவளுக்கு வந்தது. அவ வரட்டும்.”

நின்றோம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அம்மைக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. பிரித்துத்தான் என்ன வாசிக்கப்போகிறோம்? ஆனாலும் அந்த நேரம் போகவே மாட்டேன் என்றது. குளத்துக்குப் போய்க் கூப்பிடலாம் என்று தோன்றவே இல்லை. காத்திருந்து காத்திருந்து எங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும் என்று ஆகிவிட்டிருந்தது.

தங்கை ஈரத்தலையோடு, பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. துணியை வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தாள் அம்மை. தங்கை கையைத் துடைத்தாள், பாவாடையில் மறுபடி துடைத்தாள், பிரித்தாள். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. அப்படியே நடைக்கல்லில் உட்கார்ந்தாள்.

“கிடைச்சாச்சு” என்றாள். “அண்ணா, கிடைச்சாச்சு. அடுத்த திங்களாழ்ச்ச அங்க நிக்கணும்.”

அம்மை ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். சந்தோஷமா துக்கமா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. பிறகு கேட்டாள்: “அங்க கிணத்து வெள்ளமா, பைப்பு வெள்ளமா? உனக்கு வெள்ளம் மாறினா சளி பிடிக்குமே மக்கா.”

அதைக் கேட்டுத்தான் தங்கை அழுதாள்.

நான் கடைக்குத் திரும்பிப்போனபோது ஒரு ஆடு பலகைமேல் முன்காலை வைத்து ஏறி, நாட்டு வெற்றிலை ஒரு அடுக்கைத் தின்று தீர்த்துவிட்டு ரெண்டாவதில் வாயை வைத்திருந்தது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“விரட்டக் கூடாதா வே?” என்றேன்.

“உடையவன் ஓடின ஓட்டத்தைப் பாத்தா, வீட்டுல என்னமோ ஆச்சுன்னு நெனச்சேன். இந்த நேரத்துல ஆட்டை விரட்டவா?” என்றார். “என்ன, சேதி உண்டா?”

சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் ரோட்டில் இறங்கி ரெண்டு ஆபீசுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: “பிள்ளைக்கு மெட்ராஸ்ல இடம் கிடைச்சாச்சுடே!”

எதிரே தபாலாபீஸ் ஜன்னலில் போஸ்ட்மாஸ்டரின் கண்ணாடி ஒரு நிமிஷம் தெரிந்தது. ஆடு மூன்றாவது அடுக்குக்குப் போய்விட்டது.